பைலட் தம்பிக்கு யூனியன் லேன்யார்ட் குடுத்திருக்காங்க, போடலாமா வேணாமா?

செந்தூல்_அண்ணன்:

வணக்கம். இங்க ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போற ஆளு நான், இன்னிக்குத்தான் கேள்வி கேக்குறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

என் தம்பி ஒரு ஏர்லைன்ல புது பைலட். எந்த ஏர்லைன்னு கேக்காதீங்க, கேஎல்ஐஏ, அதான் கோலாலம்பூர் ஏர்போர்ட், அங்கதான் வேலை, அவ்வளவுதான் சொல்ல முடியும். ட்ரெய்னிங் எல்லாம் முடிச்சு இப்பத்தான் மூணு மாசமா ஒழுங்கா டூட்டி ரோஸ்டர் வருது, ஆனா ப்ரொபேஷன் இன்னும் முடியல. அவன் படிப்புக்கு அப்பா ஈபிஎஃப் காசை எடுத்து, அதுவும் பத்தாம வீட்டை மறுபடி லோன்ல போட்டு, பெரியக்கா நகையை வேற குடுத்து, எப்படியோ படிக்க வச்சோம். அந்தக் கதை எதுக்குன்னா இந்த வேலைக்கு ஒன்னு ஆச்சுன்னா அவன் மட்டும் இல்ல வீடே உக்காந்துடும்.

விஷயம் இதுதான். அங்க யூனியனுக்கும் கம்பெனிக்கும் கொலெக்டிவ் அக்ரிமெண்ட், அதாவது எல்லாருக்கும் சேர்த்துப் போடற சம்பள, வேலை நிபந்தனை ஒப்பந்தம், அந்தப் பேச்சு இழுத்துக்கிட்டே போகுது. போன வாரம் யூனியன் கேப்டன் ஒருத்தர் இவன் கையில ஒரு லேன்யார்டை, அதான் பாஸ் மாட்டுற கழுத்துக் கயிறு, குடுத்து, ஒன்னாந்தேதியில இருந்து எல்லாரும் கம்பெனி லேன்யார்டைக் கழட்டிட்டு இதுல பாஸை மாட்டிக்கிட்டு வரணும்னு சொல்லியிருக்காரு. ஸ்ட்ரைக் இல்ல, ஸ்லோவா வேலை செய்யறது இல்ல, கோஷம் கிடையாது, பிளேன் நேரத்துக்குப் போகும் நேரத்துக்கு வரும், கழுத்துல கயிறு மட்டும் வேற. கம்பெனிது கருநீலம், இது நல்ல பளிச் மஞ்சள், தூரத்துல இருந்தே தெரியும்.

இவன் அதை வீட்டுக்குக் கொண்டாந்து மேசை மேல போட்டுட்டு குளிக்கப் போயிட்டான். அம்மா பார்த்துட்டு, மஞ்சக் கயிறா இருக்கே பத்துமலையில யாரோ குடுத்திருக்காங்கன்னு நினைச்சு சாமி மேடையில வச்சு குங்குமமும் வச்சிட்டாங்க. இப்ப கரெக்டா யூனியன் எழுத்து மேல ஒரு செகப்புக் கறை, நானும் சோப்புப் போட்டுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன் போகல. இது என்னான்னு வெளக்கிச் சொன்னதுக்கு அம்மா கேட்டாங்க, அவன் கையில நான் கட்டுன கறுப்புக் கயிறை அந்தக் கம்பெனிக்காரன் தெனம் பாக்குறான், ஒரு வார்த்தை சொன்னதில்ல, கழுத்துல ஒன்னு போட்டா மட்டும் என்னாவாம்? எனக்குப் பதில் தெரியல.

அவன் பேட்ச்ல பன்னெண்டு பேரு. வாட்சாப் குரூப்ல "போடப் போறீங்களா"ன்னு இவன் கேட்டு நாலு நாள் ஆச்சு, பதினோரு ப்ளூ டிக், ஒரு பதிலும் இல்ல. வெளிநாட்டு பைலட்டுங்க இப்படிப் போடுறாங்கன்னு சொல்றான், நெசமா? போட்டா வேலைக்கு ஆபத்தா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கோப்பிஓ_கோசோங்:

அண்ணே சும்மா இருக்கச் சொல்லுங்க. பைலட்டுக்கே சம்பளம் பத்தலன்னா நாங்கெல்லாம் எங்க போறது, நான் ஷா ஆலாம்ல பன்னெண்டு மணி நேர ஷிப்ட் பார்க்குறேன், எனக்கு லேன்யார்டே கிடையாது பாஸை சட்டையில பின்னு குத்தி மாட்டியிருக்கேன். கலர் கயிறு போட்டா சம்பளம் ஏறும்னா சொல்லுங்க, நாளைக்கே மஸ்ஜித் இந்தியா போய் பத்து வாங்கிப் போட்டுக்கிறேன்.


சிட்னி_போய்_வந்தவன்:

மேல உள்ள தம்பிக்கு, கயிறு போட்டா சம்பளம் ஏறாது, ஆனா முதலாளிக்கு எவ்வளவு உறுத்தும்னு நான் பார்த்திருக்கேன். 2011ல நான் சிட்னியில படிச்சிட்டு இருந்தேன். அப்ப குவாண்டாஸ்ல லாங் ஹால், அதாவது தூர தேசத்து ஃப்ளைட் ஓட்டுற பைலட்டுங்க யூனியன், ஐபான்னு சொல்லுவாங்க, அக்ரிமெண்ட் பேச்சு நகராம அவங்க பண்ணது ரெண்டே ரெண்டு வேலைதான். ஒன்னு யூனிபார்ம் டையைக் கழட்டிட்டு செகப்பு டை கட்டிக்கிட்டாங்க. ரெண்டாவது ஃப்ளைட்ல பேசறப்ப, நாங்க ஏன் இப்படிப் பண்றோம்னு பயணிங்களுக்கு ஒரு நிமிஷம் சொன்னாங்க. ஒரு மணி நேரம் கூட வேலையை நிறுத்தல. அவங்க சட்டத்துல இந்த மாதிரி நடவடிக்கை எடுக்கணும்னா முன்னாடியே உறுப்பினருங்க ஓட்டு எடுக்கணும், அதாவது டை மாத்திக் கட்டுறதுக்கே ஓட்டுப் பெட்டி, எனக்கு அது அப்ப சிரிப்பா இருந்துச்சு.

அவங்க கேட்டது பெரும்பாலும் காசும் இல்ல. குவாண்டாஸ் பேருல போற ஃப்ளைட்டை குவாண்டாஸ் பைலட் ஓட்டணும், இல்லன்னா ஓட்டுறவங்களுக்கு அதே சம்பள நிபந்தனை குடுக்கணும்னு கேட்டாங்க. ஏன்னா அந்த வருஷம் ஆகஸ்ட்ல கம்பெனி ஆசியாவுல ஒரு புது ப்ரீமியம் ஏர்லைன் ஆரம்பிக்கப் போறோம்னு அறிவிச்சிருந்துச்சு, அது சிங்கப்பூரா நம்ம கேஎல்லான்னுதான் பேச்சு. நம்ம ஊருல வேலை வரும்னு நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன், என் ரூம்மேட் ஆஸ்திரேலியாக்காரன், அவன் மாமா அங்க இஞ்சினியர், ரெண்டு வாரம் என் மூஞ்சியைப் பார்க்கல. அந்தத் திட்டம் கடைசியில நடக்கவே இல்ல.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. அக்டோபர் 29ந்தேதி சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனித் தலைவர் ஆலன் ஜாய்ஸ் எல்லா ப்ளேனையும் பறக்க விடாம நிறுத்திட்டாரு. உலகம் பூரா. 108 ப்ளேன், 22 ஊரு. திங்கட்கெழமையில இருந்து பைலட், இஞ்சினியர், கிரவுண்ட் ஸ்டாஃப் மூணு யூனியன் ஆளுங்களுக்கும் லாக் அவுட், அதாவது வேலைக்கு உள்ள விட மாட்டோம்னு அறிவிப்பு. இஞ்சினியருங்களும் கிரவுண்ட் ஆளுங்களும் அங்கங்க வேலை நிறுத்தம் செஞ்சிருந்தாங்க, அது சரி, ஆனா பைலட்டுங்க செஞ்சது டையும் மைக்கும்தான். அவங்களையும் சேர்த்துத்தான் கதவைச் சாத்துனாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரியெல்லாம் ஃபேர் வொர்க்னு அங்க உள்ள தொழில் தகராறு ட்ரிபியூனல் உக்காந்து, விடிகாலை ரெண்டு பக்கத்து நடவடிக்கையையும் முடிச்சு வைக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு.

இதைச் சொல்றது பயமுறுத்த இல்ல. துணிதானேன்னு நினைச்சு போட வேணாம், துணிதானேன்னு நினைச்சு விடவும் வேணாம். நான் செகப்பு டை கட்டுன ஒரு பைலட்டை எஸ்கலேட்டர்ல பக்கத்துல பார்த்தேன், ஐம்பது வயசு இருக்கும், அந்த டை அவ்வளவு மட்டமான பாலியஸ்டர், முடிச்சு ஒரு பக்கமா தொங்குது, மத்தபடி சட்டை இஸ்திரி ஷூ எல்லாம் கண்ணாடி மாதிரி. பார்க்குறவங்க கண்ணு நேரா அந்த டைக்குத்தான் போகும்.


பட்டர்வொர்த்_கிளார்க்:

யூனியன் ஆபிஸ்ல இருபத்திரெண்டு வருஷம் பேப்பர் அடுக்குன ஆளு நான், வக்கீல் இல்ல, ஆனா தொழிலாளர் சட்டப் புஸ்தகத்தை மனப்பாடமா சொல்லுவேன். தம்பி இதை நிதானமா படிக்கட்டும்.

நம்ம ஊருல 1967 தொழில் உறவுச் சட்டம், 4ம் பிரிவு, தொழிலாளி யூனியன்ல சேர்றதுக்கும் அதோட சட்டப்படியான நடவடிக்கையில கலந்துக்கிறதுக்கும் யாரும் குறுக்க வரக்கூடாது. 5ம் பிரிவு, யூனியன்ல இருக்கான்ங்கறதுக்காக முதலாளி வேலையை விட்டுத் தூக்கறதோ மிரட்டறதோ பாகுபாடு காட்டறதோ கூடாது. மீறுனா 8ம் பிரிவுல புகார் எழுதலாம். வேலையை விட்டு நிறுத்திட்டா 20ம் பிரிவு, 60 நாளுக்குள்ள மனு குடுக்கணும், 61வது நாள் போய் நின்னு அழுதவங்களை நான் பார்த்திருக்கேன், அந்தத் தேதியை மட்டும் மறக்காதீங்க. ப்ரொபேஷன்ல இருக்கறவங்களையும் நியாயமான காரணம் இல்லாம தூக்க முடியாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு, பல பேரு ப்ரொபேஷன்னா உரிமையே கிடையாதுன்னு நினைச்சுக்கிறாங்க.

இது வரைக்கும் நல்ல சேதி. இப்ப அம்மா கேட்ட கேள்விக்கு வரேன். அந்தச் சட்டத்துல லேன்யார்டுன்னோ பேட்ஜுன்னோ ஒரு வார்த்தை கிடையாது. அதனால கம்பெனி என்ன சொல்லும்னா, நாங்க யூனியனைத் தடுக்கல, யூனிபார்ம் ரூலைத்தான் கேக்குறோம், சொன்னதைக் கேக்கலன்னா கீழ்ப்படியாமை, அது மிஸ்கொண்டக்ட், வாங்க டொமெஸ்டிக் இன்குவாயரிக்கு, அதான் கம்பெனியே நடத்துற உள் விசாரணைக்கு. இதான் வழக்கமான பாதை. கையில கட்டுன கயிறுக்கும் இதே யூனிபார்ம் ரூல் இருக்கலாம், ஆனா அதைக் கேட்டு அவங்களுக்கு ஆகப்போறது ஒன்னுமில்ல.

அதனால தம்பி முதல்ல செய்ய வேண்டியது யூனிபார்ம் மேனுவலை எடுத்து லேன்யார்ட் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும். கம்பெனி குடுத்ததைத்தான் மாட்டணும்னு எழுதியிருக்கா, இல்ல பாஸ் வெளிய தெரியற மாதிரி இருக்கணும்னு மட்டும் இருக்கா, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ரெண்டாவது, யூனியன்கிட்ட லெட்டர் கேக்கணும், உறுப்பினருங்க எல்லாரையும் போடச் சொல்லியிருக்கோம்னு தேதி போட்டு கையெழுத்து போட்டு. க்ரூ ரூம்ல கேப்டன் வாயால சொன்னதெல்லாம் நாளைக்கு இன்குவாயரி மேசையில எடுபடாது. மூணாவது, இவன் யூனியன்ல உறுப்பினர் ஃபாரம் போட்டானா இல்லையா? அண்ணன் அதை எழுதவே இல்லையே. ஃபாரம் போடாம லேன்யார்ட் மட்டும் போட்டுக்கிட்டா கல்யாணம் ஆகாம தாலி மாட்டிக்கிட்ட கதை.

ஸ்ட்ரைக் ஏன் பண்ணலன்னு சில பேரு கேப்பீங்க. வான் போக்குவரத்து நம்ம சட்டத்துல அத்தியாவசிய சேவை. முன்னாடியே நோட்டீஸ் குடுத்து 21 நாள் காத்திருக்கணும், அதுக்குள்ள அமைச்சர் வழக்கை இண்டஸ்ட்ரியல் கோர்ட்டுக்கு அனுப்பிட்டா 44ம் பிரிவுப்படி அப்புறம் ஸ்ட்ரைக்கே பண்ணக் கூடாது. அதனாலதான் இந்த கயிறு, டை, பின்னு எல்லாம். கைய கட்டிப் போட்டா கழுத்துல என்ன மாட்டலாம்னுதான் மனுஷன் யோசிப்பான்.


அஞ்சோங்_தின்ஜாவ்_ரசிகன்:

ப்ளேன் பைத்தியம் நான், லீவு நாள்ல கேஎல்ஐஏ வியூவிங் கேலரில கேமராவோட நிக்கிற கோஷ்டி. வெளிநாட்டு பைலட்டுங்க போடுறாங்களான்னு கேட்டீங்க, அமெரிக்காவுல கனடாவுல இது ரொம்பப் பழைய பழக்கம். அல்பான்னு ஒரு பெரிய பைலட் சங்கம், 1931ல ஆரம்பிச்சது, அந்த சங்க பின்னை டையில குத்திக்கிறது, லேன்யார்ட் போட்டுக்கிறதெல்லாம் அங்க சாதாரணம். பட்டர்வொர்த் அண்ணன் சொன்ன அதே காரணம்தான் அங்கயும், அமெரிக்க ஏர்லைன்களுக்கு ரயில்வே லேபர் ஆக்ட்னு 1926ல வந்த சட்டம், 1936ல ஏர்லைனையும் அதுல சேர்த்தாங்க. ஒப்பந்தத் தேதி முடிஞ்சாலும் பழைய ஒப்பந்தமே ஓடிக்கிட்டிருக்கும், சமரசம் பேசி வைக்கிற அரசாங்க மீடியேஷன் போர்ட் பார்த்து விட்டாத்தான் அடுத்த படி, விட்ட பிறகும் முப்பது நாள் பொறுக்கணும். வருஷக்கணக்குல இழுக்கும். அந்த வருஷக்கணக்குல நாங்க இன்னும் ஒன்னாத்தான் இருக்கோம்னு கம்பெனிக்குக் காட்ட வேற வழி கிடையாது. பிக்கெட் லைன், அதான் வெளிய வரிசையா நின்னு எதிர்ப்பு காட்டுறது, அதுல கூட நம்ம மாதிரி கத்த மாட்டாங்க, முழு யூனிபார்ம், தொப்பி, கையில அட்டை, வரிசையா அமைதியா நடப்பாங்க, 2011 செப்டம்பர்ல நியூயார்க் வால் ஸ்ட்ரீட்ல யுனைடெட் கான்டினென்டல் பைலட்டுங்க நூத்துக்கணக்குல அப்படி நின்னாங்க, போட்டோ பார்த்தா பரேட்னு நினைப்பீங்க.

ஆனா தம்பிக்கு நான் சொல்ல வந்தது வேற கதை. 1985 மே மாசம் யுனைடெட் பைலட்டுங்க 29 நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க. சண்டை எதுக்குன்னு பாருங்க, பி ஸ்கேல். அதாவது இப்ப இருக்கறவங்க சம்பளத்துல கை வைக்க மாட்டோம், இனிமே சேர்றவங்களுக்கு மட்டும் கம்மிச் சம்பளம்னு கம்பெனி சொல்லுச்சு. சீனியர் கேப்டனுங்களுக்கு ஒரு காசு நட்டமில்ல. இன்னும் வேலைக்கே வராத பசங்களுக்காகத்தான் அவங்க வேலையை விட்டு வெளிய வந்தாங்க.

அந்த நேரத்துல கம்பெனி ஸ்ட்ரைக் வந்தா ஓட்டறதுக்குன்னே ஒரு 570 புதுப் பைலட்டுங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து ரெடியா வச்சிருந்துச்சு. உங்க தம்பி மாதிரி பசங்கதான், கடன் வாங்கிப் படிச்சு, கனவு ஏர்லைன்ல மொத வேலை. ஸ்ட்ரைக் அன்னிக்கு வாங்க ஓட்டுங்கன்னு கூப்பிட்டாங்க. ஒரு சில பேரைத் தவிர யாரும் போகல. அதுக்கு அப்புறம் கம்பெனி அவங்களை எங்க ஆளே இல்லன்னு சொல்லிடுச்சு. சம்பளப் பேச்சு கிட்டத்தட்ட முடிஞ்ச பிறகும் ஸ்ட்ரைக் இழுத்ததே, இவங்களையெல்லாம் எப்படித் திரும்ப எடுக்கறதுங்கற விஷயத்துலதான். அப்புறம் கோர்ட் வரைக்கும் போய், அப்பீல்லயும் ஜெயிச்சு, உள்ள வந்தாங்க. ஸ்ட்ரைக்ல நின்ன அல்பா ஆளுங்க சங்க பின்னுல ஒரு சின்ன நட்சத்திரம் வச்சுக்குவாங்க. டையில அரிசி மணி சைஸ்ல ஒரு நட்சத்திரம், பயணிங்க யாருக்கும் தெரியாது, காக்பிட்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கிறவருக்கு மட்டும் தெரியும்.

பைலட் வேலையில அதுதான் சங்கதி. ஃபேக்டரி மாதிரி எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ இல்ல. ஒருத்தன் கூச்சிங்ல, ஒருத்தன் லண்டன்ல, நேத்து கூட ஓட்டுன ஆளை அடுத்து எப்பப் பார்ப்போம்னே தெரியாது. கூட்டம் போட முடியாது. அதனால உடம்பு மேல போட்டுக்கிட்டாத்தான் உண்டு.


ரவாங்_தாத்தா:

என் பேத்தி டைப் பண்ணித் தர்றா, நான் சொல்லச் சொல்ல. பிழை இருந்தா அவளை ஏசுங்க.

1941ல கிள்ளான் பக்கத்துத் தோட்டங்கள்ல பெரிய வேலை நிறுத்தம் நடந்தது, ஆர். எச். நாதன்னு ஒருத்தர் முன்னால நின்னாரு, அவரைப் பிடிச்சு நாடு கடத்துனாங்க, பட்டாளம் வந்து சுட்டது, ஆளுங்க செத்தாங்க. எங்க அப்பா அப்ப பால் மரம் வெட்டிக்கிட்டு இருந்தவரு. கோரிக்கையில சம்பளம் இருந்தது, கள்ளுக்கடையை மூடணும்னு இருந்தது, அதோட கூட இன்னொன்னு, தொரையைப் பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கற வழக்கத்தை எடுக்கணும்னு இருந்தது. அதுல எத்தனை காசு வரும்னு யாராச்சும் கணக்குப் போட்டாங்களா?

அதே நேரத்துல இதையும் சொல்றேன். 1979ல மாஸ், அதான் மலேசியன் ஏர்லைன் சிஸ்டம், அங்க யூனியன் சண்டை நடந்தப்ப நான் அப்ப ஏர்போர்ட் இருந்த சுபாங்ல டாக்சி ஓட்டிக்கிட்டிருந்தேன். ரூல் புத்தகத்துல உள்ளபடி மட்டும் வேலை செய்யறதுன்னு ஆரம்பிச்சாங்க. ஐஎஸ்ஏ, விசாரணை இல்லாம பிடிச்சு வைக்கிற சட்டம், அதுல ஆளுங்களைப் பிடிச்சு உள்ள போட்டாங்க, உதவிக்கு வந்த வெள்ளைக்காரரையும் சேர்த்து. யூனியன் பதிவையே ரத்து பண்ணாங்க, அடுத்த வருஷம் தொழிலாளர் சட்டத்தையும் இறுக்கிட்டாங்க. நேத்து வரைக்கும் என் காடியில ஏறி சிரிச்சுப் பேசுன பசங்க அந்த மாசம் பின் சீட்டுல உக்காந்து வாயைத் திறக்கல. இப்ப அந்த ஐஎஸ்ஏ இல்ல, காலம் வேற. இருந்தாலும் தம்பி தனியா போட வேணாம். பன்னெண்டு பேரும் பேசி ஒன்னாப் போடுங்க. ஒத்த ஆளு போட்டா மஞ்சக் கயிறு தெரியும், எல்லாரும் போட்டா போடாதவன் கழுத்துதான் தெரியும்.


கோப்பிஓ_கோசோங்:

தாத்தா சொல்றதுக்கு எதுத்துப் பேச மாட்டேன். ஆனா ஒன்னு சொல்லுங்க, ஏர்போர்ட்ல கிளீனர் அக்காங்களும்தான் லேன்யார்ட் போட்டிருக்காங்க, காண்ட்ராக்ட் வேலை, வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறும், கயிறு கலரும் மாறும். அவங்களுக்கு யாரு மஞ்சக் கயிறு குடுப்பாங்க? பைலட் போட்டா பத்து பேரு போட்டோ எடுப்பான்.


பட்டர்வொர்த்_கிளார்க்:

ஞாயமான கேள்வி. என் சர்வீஸ்ல காண்ட்ராக்ட் ஆளுங்களை யூனியன்ல சேர்க்கிறதுதான் ரொம்பக் கஷ்டம், சேர்த்து முடிக்கறதுக்குள்ள காண்ட்ராக்ட் முடிஞ்சிடும். 2024 செப்டம்பர்ல இருந்து ஒரே இடத்துல ஒன்னுக்கு மேல யூனியன் வைக்கலாம்னு சட்டம் மாறியிருக்கு, அது கூட்டுமா பிரிக்குமான்னு எனக்கே சந்தேகம். அதைத் தனி இழையா போடுங்க, பேசுவோம். அண்ணன் எங்க போனாரு? ஃபாரம் போட்டானா இல்லையா?


செந்தூல்_அண்ணன்:

மன்னிக்கணும் ரெண்டு நாள் ஆன்லைன் வரல. எல்லாருக்கும் நன்றி, தம்பிக்கிட்ட முழுசா படிச்சுக் காட்டுனேன். கிளார்க் அண்ணன் கேட்டது கரெக்ட், ஃபாரம் போடவே இல்ல, பைக்குள்ள மடிச்சு வச்சிருந்தான் எட்டு மாசமா. தாலி உதாரணத்துக்கு அம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் அடங்கல. நேத்து நிரப்பிக் குடுத்துட்டான், லெட்டரும் கேட்டு வாங்கிட்டான். மேனுவல்ல லேன்யார்ட் பத்தி ஒரே வரி, பாஸ் நெஞ்சுக்கு நேரா தெரியணும், கலர் பத்தி பேச்சே இல்ல, ஆனா கடைசிப் பக்கத்துல மேனேஜ்மெண்ட் எப்ப வேணா மாத்தலாம்னு போட்டிருக்கு, அது எல்லா மேனுவல்லயும் இருக்கும்ல.

570 பேரு கதையை அவன் அப்படியே எடுத்து பேட்ச் குரூப்ல போட்டான். ஒரு மணி நேரம் ஒன்னும் இல்ல. அப்புறம் ஈப்போ பொண்ணு ஒன்னு தன்னோட லேன்யார்டைக் கழுத்துல போட்டு ஒரு செல்ஃபி, ஒரு வார்த்தை எழுதல. ராத்திரிக்குள்ள ஏழு போட்டோ. மிச்சம் நாலு பேரு இன்னும் ப்ளூ டிக்தான், அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், ஒருத்தனுக்கு போன மாசம்தான் குழந்தை பொறந்துச்சு.

அப்பாதான் ஒன்னும் பேசல. லோன் பேப்பர் வச்சிருக்கற ஃபைலை எடுத்துப் பார்த்துட்டு மறுபடி வச்சிட்டாரு.

குங்குமக் கறை போகல. அம்மா எலுமிச்சை தேய்ச்சு இன்னும் பரவிடுச்சு. வேற ஒன்னு வாங்கிக்கடான்னா கேக்க மாட்டேங்கறான், எல்லாரும் ஒரே மாதிரி போட்டா க்ரூ ரூம்ல எதை எங்க வச்சேன்னு தெரியாது, இது என்னுதுன்னு கண்டுபிடிக்கலாங்கறான். ஒன்னாந்தேதி காலைல ஆறு மணிக்கு கூச்சிங் ஃப்ளைட் போட்டிருக்காங்க.


கோப்பிஓ_கோசோங்:

அண்ணே ஒன்னாந்தேதி காலைல கூச்சிங்கா? என் தங்கச்சி அன்னிக்கு அதே நேரத்து ஃப்ளைட்ல போறா. மஞ்சக் கயிறோ பச்சைக் கயிறோ, தம்பியை லேண்டிங் மட்டும் மெதுவா பண்ணச் சொல்லுங்க, அவ போன தடவையே வாந்தி எடுத்தா.